புதுப்பிப்பு: லினக்ஸில் டி டிரைவ் திறக்கிறது, சேமிக்க முடியவில்லை

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்ததால், அதே கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்லியிருந்தேன். பிறகு வந்த கேள்வி: லினக்ஸில் இருந்து விண்டோஸின் டி டிரைவில் கோப்பைப் படிக்கலாம், சேமிக்க முடியவில்லை.

ஹார்ட் டிஸ்க் பழுதில்லை, விண்டோஸை வேகமாகத் தொடங்கவைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியின் வேலை. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் தன் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) டிஸ்க்கில் எழுதிவைத்து அரைத்தூக்கம்தான் போடுகிறது. டிரைவ் இன்னும் விண்டோஸின் பிடியில் இருப்பதால் லினக்ஸ் எழுத மறுப்பது நியாயம்; வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்தால் (எழுதும்படி இணைத்தால்) கோப்புகள் கெடலாம்.

விண்டோஸில் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக்கை எடுங்கள். சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தால், மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியை முதலில் அழுத்த வேண்டும். அவசரத்துக்கு விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்குப் போனால் போதும். அது (பெயருக்கு மாறாக) முழுதாகவே அணைக்கும்.

விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்குவது வேறு விஷயம்: லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது நேரம்) எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரமாகப் படிக்கிறது.