அறுபத்தைந்தைத் தாண்டியவருக்கு எந்த கோல்ஃப் அயன்: தூரமா, உயரமா?

மாலை ஆட்டக்காரர் எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 67, கோல்ஃப் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனின் அளவு; எண் குறைந்தால் ஆட்டம் மேல்) 17. இருபது ஆண்டுகளாக ஒரே அயன் செட்டைத்தான் (இரும்புத் தலை கொண்ட, எண்ணிட்ட மட்டைகள்) ஆடி வருகிறேன். சிறிய தலை, மெல்லிய சோல் (தலையின் அடிப்பாகம்), கனத்த எஃகு ஷாஃப்ட் (மட்டையின் தண்டு). முன்பு ஏழாம் எண் அயனில் பந்து படும் முகத்தின் நடுவே மட்டும் நாணய அளவுக்குத் தேய்ந்து மின்னும். அந்தத் தேய்மானம் இப்போது முனைப்பக்கம் வரை படர்ந்திருக்கிறது. 145 கஜம் பறந்த பந்து இன்று 125 கஜத்தைத் தாண்டுவதில்லை. ஐந்தாம் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் இடையே தூர வித்தியாசமே இல்லை. செட்டை மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதில் தங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நீள்வீச்சு எழுதியது:

ஐயா, தயங்காமல் பெரிய தலையும் அகன்ற சோலும் கொண்ட தூர அயன்களுக்கு மாறுங்கள். பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் தலையின் எடையை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குக் கொண்டுபோனது, நடு தவறிய அடியிலும் முகம் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அவருடைய பிங் நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஐ 2 அயன்கள் அந்த எண்ணத்தை ஊரறியச் செய்தன. இன்றைய தூர அயன்களில் முகமும் மெல்லியது. அடிபடும் கணத்தில் உள்வளைந்து மீள்வதால் பந்து கூடுதல் வேகத்துடன் புறப்படுகிறது. முனையில் பட்ட அடியும் பத்துப் பன்னிரண்டு கஜத்துக்கு மேல் இழக்காது. தங்கள் முகத் தேய்மானத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரியவில்லை.

உயரப்பந்து எழுதியது:

நீள்வீச்சு அவர்கள் சொன்னதில் பாதியை முழுமனதுடன் ஏற்கிறேன். ஓரங்களில் எடை வைத்த தலை தேவைதான். தூர அயன் என்பதில்தான் என் மறுப்பு.

பெரியவர் வைத்திருக்கும் செட்டில் ஏழாம் எண்ணின் லாஃப்ட் (முகத்தின் சாய்வுக் கோணம்) பெரும்பாலும் 34 பாகையை ஒட்டி இருக்கும். தூர அயன்களில் அதே எண் பொறித்த மட்டைக்கு 28 பாகை, சிலவற்றில் அதற்கும் குறைவு. ஷாஃப்டும் சற்று நீளம். பழைய ஐந்தாம் எண்ணையே அடியில் 7 என்று பொறித்துக் கையில் கொடுக்கிறார்கள். ஐந்தாம் எண்ணும் ஆறாம் எண்ணும் ஒரே தூரம்தான் போகின்றன என்று அவரே எழுதியிருக்கிறார். ஸ்விங் (மட்டையை வீசும்) வேகம் குறைந்தபின், லாஃப்ட் குறைந்த மட்டையால் பந்தை எழுப்ப முடிவதில்லை. எழாத பந்து காற்றில் தங்காமல் சீக்கிரம் தரைக்கு வந்துவிடுகிறது. நோய் இரண்டு மட்டைகளில் இருக்கிறது. அதைச் செட்டு முழுவதற்கும் பரப்புவதை மருந்தென்று எப்படிச் சொல்வது?

கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்) நிற்க வேண்டிய பந்து ஏறத்தாழ 45 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். வேகம் குறைந்தவர் அடியில் பின்சுழற்சியும் குறைவு என்பதால், பந்தை நிறுத்தும் வேலையை உயரம்தான் செய்தாக வேண்டும். 140 கஜம் என்று பெருமையாகச் சொல்லப்படும் அடி 120 கஜத்தில் விழுந்து மீதியை உருண்டு கடப்பதாக இருந்தால், கிரீனுக்கு முன்னே மணல்குழி இருக்கும் இடத்தில் அந்த உருளல் எதற்கு உதவும்?

நீள்வீச்சு எழுதியது:

லாஃப்டை மட்டும் வைத்து உயரத்தைக் கணக்கிடுவது சரியன்று. இன்றைய தலைகளில் எடை மிகத் தாழ்வாகவும் பின்னாலும் வைக்கப்படுகிறது. அதனால் பந்து லாஃப்ட் காட்டுவதைவிட மேல்நோக்கிப் புறப்படுகிறது. பழைய தலையின் 28 பாகையையும் புதிய தலையின் 28 பாகையையும் ஒன்றாகப் பேசக் கூடாது. லாஃப்டைக் குறைத்ததே அந்த உயரத்தை ஈடுகட்டத்தான்.

எனக்கு வயது 70, ஹேண்டிகேப் 15. பார் 4 (நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய) குழிகளில் இரண்டாவது அடியில் கிரீனின் முன்விளிம்பைத் தொடுவதே எங்களுக்கு முதல் கவலை. முன்விளிம்பில் விழுந்து உருண்டு ஏறும் பந்தால் நான் பல பார்களை எடுத்திருக்கிறேன். அகன்ற சோலையும் மறந்துவிட வேண்டாம். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையைத் தொட்டாலும் அது மண்ணைக் கிளறாமல் வழுக்கிச் செல்கிறது.

மென்பிடி எழுதியது:

இருவரும் தலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் எழுதிய 'கனத்த எஃகு ஷாஃப்ட்' என்ற சொற்களில் என் கண் நின்றுவிட்டது. அத்தகைய ஷாஃப்ட் 120 முதல் 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட்டில் 55 முதல் 80 கிராமுக்குள் எத்தனையோ கிடைக்கின்றன. கட்டைவிரல் மூட்டில் வலி உள்ள எனக்கு, அடியின் அதிர்வு குறைந்ததும் சற்றுப் பருத்த மென்மையான கிரிப் (கைப்பிடி உறை) போட்டதும் எந்தத் தலை மாற்றத்தையும்விடப் பெரிய நன்மை. ஒன்பதாவது குழிக்குப் பின் கை தளர்ந்து பந்து வலப்பக்கம் ஓடுவது நின்றுவிட்டது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. மிக இலேசான ஷாஃப்ட் சிலரை மேலிருந்து அவசரமாக இழுக்க வைக்கும். 50 கிராமில் எனக்கு அதுவே நேர்ந்தது, 70 கிராமில் சரியானது. ஷாஃப்டின் வளையும் தன்மையைக் காட்டும் சீனியர், ரெகுலர் என்ற எழுத்துகளை நம்பி வாங்காதீர்கள். அவற்றுக்கு நிறுவனங்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது.

உயரப்பந்து எழுதியது:

மென்பிடி அவர்களுக்கு நன்றி. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. எடையைத் தாழ்த்துவது பந்தைக் கிளப்பும் என்பதும் உண்மையே. ஆனால் புறப்படும் கோணம் ஒன்று, இறங்கும் கோணம் வேறு. இறங்கும் கோணத்துக்குப் பந்தின் வேகமும் பின்சுழற்சியும் வேண்டும். அந்த இரண்டும்தான் எங்கள் வயதில் குறைந்துவிட்டன.

2009 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில், 59 வயது அமெரிக்க வீரர் டாம் வாட்சன் கடைசிக் குழியில் எட்டாம் எண் அயனால் அடித்த பந்து கிரீனில் விழுந்து, நிற்காமல் பின்புறம் உருண்டு போனது. அங்கே போகி, அதாவது பாரைவிட ஓர் அடி கூடுதல். பிறகு கூடுதல் குழிகளில் ஸ்டூவர்ட் சிங்கிடம் தோல்வி. நன்றாக அடித்த பந்தும் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஓர் அடியை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

வெட்ஜ் (குறுந்தூரத்துக்கான, லாஃப்ட் மிகுந்த மட்டை) கணக்கும் இருக்கிறது. தூர செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43 பாகை. அவர் பையில் உள்ள மணல் வெட்ஜ் அநேகமாக 56. நடுவே 13 பாகைப் பள்ளம். அதை நிரப்ப ஒன்றோ இரண்டோ மட்டை கூடுதலாக வேண்டும். பையில் 14க்கு மேல் வைக்க விதி இடம் தராது.

நீள்வீச்சு எழுதியது:

வாட்சன் அடித்தது கடற்கரை ஆடுகளத்தின் இறுகிய தரையில். அங்கே எந்த லாஃப்டும் ஓடத்தான் செய்யும். அதை எங்கள் அயன் தேர்வுக்குச் சான்றாக ஏற்க மாட்டேன். வெட்ஜ் பள்ளத்தை ஏற்கிறேன். எனக்கும் 49 பாகையில் ஒன்று தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஐந்தாம் எண் அயனை எடுத்துவிட்டால் அதற்கான இடம் தானாகக் கிடைத்துவிடுகிறது. ஐந்தாம் எண்ணின் வேலையை ஹைபிரிட் (அயனும் வுட் மட்டையும் கலந்த வகை) எளிதாகச் செய்யும்.

உயரப்பந்து எழுதியது:

ஐந்தாம் எண் அயன் வேண்டாம் என்பதில் நாம் இருவரும் ஒன்றுதான்.

மாலை ஆட்டக்காரர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தங்கள் விவாதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, 28 பாகை ஏழாம் எண் ஒன்றையும் 31 பாகை ஏழாம் எண் ஒன்றையும், இரண்டிலும் ஏறத்தாழ 70 கிராம் கிராஃபைட் ஷாஃப்டுடன், ஒரே காலையில் பத்துப் பத்துப் பந்துகள் அடித்துப் பார்த்தேன். முகத்தில் பவுடர் தெளித்துக்கொண்டதால் ஒவ்வோர் அடியும் பட்ட இடம் தெளிவாகத் தெரிந்தது. 28 பாகையில் நடுவில் பட்ட நான்கு பந்துகள் 138 கஜம் பறந்தன. முனையில் பட்டவற்றில் மூன்று தாழப் பறந்து 115இலேயே விழுந்தன. 31 பாகையில் எதுவும் 133ஐத் தாண்டவில்லை, ஆனால் முனையில் பட்டதுகூட 122க்குக் கீழே போகவில்லை. கிரீனில் அதன் பந்து விழுந்த தடம் ஆழமாக இருந்தது. அங்கிருந்து நான்கைந்து அடி தள்ளிப் பந்து நின்றது. முந்தைய மட்டையின் தடமோ புல்லைச் சீவிய கோடு போல இருந்தது.

31 பாகைக்கே மனம் செல்கிறது. ஐந்துக்கு ஹைபிரிட் என்பது முடிவாகிவிட்டது. ஆறாம் எண்ணையும் ஹைபிரிடாக மாற்றலாமா என்பது மட்டும் தெளிவாகவில்லை.

நீள்வீச்சு எழுதியது:

அந்த மூன்று தாழ்ந்த பந்துகளுக்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. என் ஸ்விங் வேகம் தங்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். எனக்குப் பொருந்தியதைத் தங்களுக்கும் பொருந்துமென்று எண்ணிவிட்டேன். ஆறாம் எண்ணுக்கு, உயர்ந்த புல்லில் பத்துப் பந்துகள் போட்டு அயனையும் ஹைபிரிடையும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். தட்டையான பயிற்சிப் பாயில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.