தங்கம் தேடப் போன இடத்தில் எதிர்ப்பட்டவர்கள்

பெர்த்திலிருந்து:

எத்தனை கிராம் கிடைத்தது என்ற பேச்சை இந்த முறை ஓரமாக வைத்துவிடுவோம். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனபோது யார் வந்து நின்றார்கள், எது வந்து நின்றது, அதைச் சொல்லுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் லியோனோரா ஊருக்கு வடக்கே, முல்கா மரங்கள் நிறைந்த செம்மண் காடு. காதில் ஹெட்போன், பார்வை தரையில். பின்னால் ஒரு யூட், அதாவது பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி, வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. டிடெக்டரின் அடியில் இருக்கும் காயில் என்ற வட்டத் தட்டின் மேல் நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தேன். வெயிலில் காய்ந்த முகம், கிழிந்த தொப்பி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை. "இது யார் இடம் தெரியுமா?" என்றார்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் கையில் இருக்க வேண்டும். தங்கம் தேட அரசு தரும் மைனர்ஸ் ரைட் அட்டையை ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் அதை வைத்துக்கொண்டு நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. யாரும் உரிமம் எடுக்காத அரசு நிலமா, சரி. கனிமம் இருக்கிறதா என்று ஆராய வேறொருவர் எக்ஸ்ப்ளோரேஷன் லைசென்ஸ் எடுத்த நிலமா, 40ஈ பெர்மிட் தனியாக வாங்க வேண்டும். மூன்று மாதம்தான் செல்லும். தேடுவதற்கான ப்ராஸ்பெக்டிங் லைசென்ஸோ தோண்டி எடுப்பதற்கான மைனிங் லீஸோ வேறொருவரிடம் இருந்தால், உரிமையாளர் சம்மதம் இல்லாமல் டிடெக்டரை வண்டியிலிருந்து இறக்கவே கூடாது. மாட்டுப் பண்ணைக் குத்தகை நிலம் என்றால் பண்ணைக்காரருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்பதை டெங்கிராஃப் என்ற அரசு வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

போனில் இறக்கிவைத்திருந்த வரைபடத்தையும் பெர்மிட்டையும் காட்டினேன். நிதானமாகப் படித்தார். அவருடைய லீஸ் ஓர் ஓடைக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. மூலைக் கம்பு அங்கிருந்தே தெரிந்தது. "அந்தக் கம்பைத் தாண்டாதே" என்றார். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டார். யூட்டின் பின்கதவை இறக்கிவிட்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

டீ குடிக்கும்போது, நான் வெறும் மண்மேடு என்று தாண்டிவந்த ஒரு குவியலைக் காட்டி விளக்கினார். 1892இல் பெய்லியும் ஃபோர்டும் கூல்கார்டியில் தங்கம் கண்டார்கள். மறு ஆண்டு ஜூனில் ஹன்னன், ஃப்ளானகன், ஷே மூவரும் கல்கூர்லியில் கண்டார்கள். கூட்டம் அலைமோதிவிட்டது, ஆனால் தண்ணீர் இல்லை. பெர்த்துக்குப் பக்கத்தில் உள்ள முண்டாரிங்கிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுத் தண்ணீர் வந்து சேர்ந்தது 1903இல்தான். மண்ணை அலச வழியில்லாதவர்கள், நம் ஊர்க் களத்தில் நெல் தூற்றுவதுபோல மண்ணைக் காற்றில் தூற்றினார்கள். தூசி பறந்துவிடும், கனமான தங்கம் நேராகக் கீழே விழும். அப்புறம் துருத்தி வைத்த சல்லடைப் பெட்டிகள் வந்தன. சல்லடைக் கண்ணில் நுழையாத கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாகக் கொட்டினார்கள். "பெரிய கட்டி ஏதாவது வந்திருந்தால் அதுவும் கல்லோடு கல்லாக இங்கேதான் போயிருக்கும்" என்றார் அவர்.

அந்தக் குவியலில் எனக்குக் கிடைத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சதுரத் தலை ஆணிகள், பூட்ஸின் அடியில் அடிக்கும் குமிழாணிகள், டின் உணவு டப்பாவைப் பற்றவைத்த ஈயத் துளிகள், ஒரு தோட்டா. ஈயம் இருக்கிறதே, அது தங்கத்தைவிட இனிமையாகப் பாடும்! பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற வகை டிடெக்டர்கள் (மின்துடிப்பை விட்டுவிட்டு மண்ணுக்குள் அனுப்பித் தேடுபவை) இரும்பையும் தங்கத்தையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் எது கத்தினாலும் தோண்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வகை இயந்திரம் இல்லாமல் இந்த மண்ணில் வேலையும் ஆகாது. இரும்பு ஏறிய செம்மண்ணில் சாதாரண டிடெக்டர் இடைவிடாமல் அலறும். 1995இல் புரூஸ் கேண்டியின் வடிவமைப்பில் மைன்லேப் நிறுவனத்தின் எஸ்டி 2000 டிடெக்டர் வந்த பிறகுதான், காலியாகிவிட்டது என்று கைவிடப்பட்ட பழைய இடங்களில் மறுபடி தங்கம் வர ஆரம்பித்தது. பிக்காசின் தலையில் ஒரு நல்ல காந்தத்தை ஒட்டிவைத்தால் ஆணிகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும், பாதி நேரம் மிச்சம்.

அந்தக் குவியலைக் கிளறிய பிறகு, அதை அந்தக் காலத்தில் கொட்டிப்போனவன் யாரோ, அவன் எனக்கு ஓரளவு பழகியவன்போல ஆகிவிட்டான். எந்த மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவை உடைத்துச் சாப்பிட்டான் என்பதுகூட சிக்னலை வைத்தே தெரிந்தது. அந்த ஒரு மரத்தடியில் மட்டும் அத்தனை தகரம்.

அவன் விட்டுப்போனவற்றில் ஆபத்தானது குழிகள். வேலி இருக்காது, பலகை இருக்காது, வாயோரம் உதிரும். எத்தனை ஆழம் என்று மேலிருந்து தெரியாது. தரையையே பார்த்து நடப்பவனுக்குக் குழி தெரியாதா என்பார்கள். தெரியாது, ஏனென்றால் நாம் பார்ப்பது அந்தக் காயிலின் முனையை மட்டும். 2015இல் சாண்ட்ஸ்டோன் பக்கம் தங்கம் தேடப் போன ஒரு தம்பதி காணாமல் போனார்கள். கணவரின் உடல் பழைய சுரங்கக் குழி ஒன்றில் கிடைத்தது. அந்தப் பகுதிக்குப் போகிற எல்லோருக்கும் இந்தச் செய்தி தெரியும், யாரும் அதை உரக்கப் பேசுவதில்லை. நான் புதிய இடத்தில் முதலில் டிடெக்டர் இல்லாமல் ஒரு சுற்று நடந்து, குழிகளை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்ட பிறகுதான் ஹெட்போனை மாட்டுகிறேன்.

பெண்டிகோவிலிருந்து:

அண்ணா, உங்கள் பக்கம் பாலைவனம், எங்கள் விக்டோரியா பக்கம் காடு. கரும்பட்டை யூகலிப்டஸ் மரங்கள், சருகு, நடுநடுவே வெங்கச்சங்கல். ஊர்கள் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே எதிர்ப்படுவது பெரும்பாலும் மனிதர்கள்தான். செப்டம்பர் வாக்கில் மட்டும் மேக்பை பறவைகள். கூட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றால் பின்னந்தலையில் கொத்திவிட்டுப் போகும். ஹெட்போன் போட்டிருப்பதால் இறக்கைச் சத்தமும் கேட்காது.

டனோலிக்கு வெளியே ஒருநாள் தோண்டிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, கையில் சின்ன டிடெக்டர், முதுகில் பை. நேரே என்னிடம் வந்து, பத்தடி தள்ளி இருந்த ஒரு திறந்த குழியைக் காட்டி, "இது உன்னுடையதா?" என்றார். இல்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை. என் கையிலிருந்த பிக்காசைப் பார்த்தார். நானே போய் அந்தக் குழியை மூடினேன். பார்த்துக்கொண்டே நின்றார். கங்காருவுக்கு ஒரு குழி போதும் கால் முறிய, குழியை மூடாமல் போகிறவர்களால்தான் ஒவ்வொரு காடாக நமக்குத் தடை வருகிறது என்றார். இங்கே கைக்கருவிதான் அனுமதி. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் இடமில்லை. மைனர்ஸ் ரைட் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் அந்தப் பாட்டி சொன்னபோதுதான் உறைத்தது.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்துக் காட்டினார். நெல்மணியைவிடச் சின்னச் சின்னத் துணுக்குகள். பல வருஷச் சேமிப்பாம். விற்க மாட்டாராம்.

எல்லோரும் பெரிய கட்டிகளின் கதையைக் கேட்டுத்தான் இங்கே வருகிறார்கள். பக்கத்து மோலியாகுலில் 1869இல் மரத்தின் வேரடியில், மேலாகவே கிடந்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர், 70 கிலோவுக்கு மேல். டனோலியில் அதை நிறுக்கத் தராசு இல்லாமல் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். 1980இல் கிங்கோவரில் டிடெக்டரில் சிக்கிய ஹேண்ட் ஆஃப் ஃபெய்த், 27 கிலோ. நம் கணக்கில் 3,400 சவரன்! 2023இல் கூட, விலை குறைந்த ஒரு டிடெக்டரை வைத்து ஒருவர் 4.6 கிலோ பாறை ஒன்றை எடுத்தார், உள்ளே 2.6 கிலோ தங்கம். அந்தச் செய்தி வந்த பிறகு கொஞ்ச காலம் வாரக்கடைசியில் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டம் வந்த வேகத்தில் போயும்விட்டது. என் கருத்தைக் கேட்டால், மாத்திரைப் புட்டிக்குத் தயாராக இருப்பவர்கள் மட்டும் டிடெக்டர் வாங்கலாம்.

கல்கூர்லியிலிருந்து:

சுரங்க வேலை, ஓய்வு நாளில் டிடெக்டர். என் கதை சின்னது. லாவர்ட்டன் பக்கம் கூடாரம் போட்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் சமையல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓர் உடும்பு, ஒரு மீட்டருக்குக் குறையாது. இங்கே பங்காரா என்பார்கள். முட்டை அட்டையைக் காலி செய்துவிட்டு எங்களைப் பார்த்தது. நாங்கள்தான் வழிவிட்டோம். அன்றிரவு ஒட்டகங்கள் வந்தன. தண்ணீர் இல்லாத அந்தக் காலத்தில் சுமை இழுக்கக் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள், இப்போது காட்டு ஒட்டகங்கள். தண்ணீர்க் கேன் பக்கம் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயின.

நாயைக் கூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள். காட்டு நாய்களுக்காகப் பண்ணைகளில் 1080 என்ற நஞ்சு கலந்த இரை போடுவார்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் நாயை வண்டியிலேயே வைத்திருங்கள். பாம்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். முல்கா பாம்பு உண்டு, பார்த்திருக்கிறேன், அது ஒரு பக்கம் போனது, நான் மறுபக்கம் போனேன்.

பெர்த்திலிருந்து இன்னொருவர்:

நான் கோலார் தங்கவயல்காரன். அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை செய்தவர். தரைக்கு மூன்று கிலோமீட்டருக்குக் கீழே போன சுரங்கம் அது. ஒரு டன் பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து அரைத்தால் சில கிராம் தங்கம். நாங்கள், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், நான் கொஞ்ச காலம் கழித்து இங்கே வந்தேன்.

எனக்கு எதிர்ப்பட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியது இந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஒன்றான வொங்காத்தா மக்களைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. வெயிலுக்குப் பாறை மேடு ஒன்றின் அடியில் வண்டியை நிறுத்திக் கூடாரம் போடத் தொடங்கினோம். பேரப்பிள்ளைகளோடு ஒரு வண்டியில் வந்தார். கோபம் இல்லை. "இங்கே தூங்காதீர்கள், கொஞ்சம் தள்ளிப் போங்கள்" என்றார். பாறையில் ஒரு குழி, அதன் வாயில் தட்டைக் கல். கல்லை நகர்த்திக் காட்டினார், உள்ளே தண்ணீர்! மழைநீர் தேங்கும் பாறைக்குழி. வெயில் குடித்துவிடாமலும் மிருகங்கள் விழுந்து அழுகிவிடாமலும் கல்லை வைத்து மூடுவார்களாம். ஆள் நடமாட்டம் இருந்தால் சுற்றியுள்ள மிருகங்கள் தண்ணீருக்கு வராது, அதனால்தான் தள்ளிப் போகச் சொன்னார். போனோம். கல்கூர்லிக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். தண்ணீரே இல்லாத நாடு என்று வந்தவர்கள் எழுதிவைத்த இடத்தில் இவர்கள் எத்தனை தலைமுறையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

இன்னொன்று காட்டில் நடந்ததில்லை, வீட்டில் நடந்தது. அப்பா பெர்த்துக்கு வந்திருந்தபோது, மென்சீஸ் பக்கம் எடுத்த ஒரு துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அரைச் சவரன்கூட இருக்காது.

"உருக்கி எடுத்ததா?"

"இல்லைப்பா, இப்படியே மண்ணில் கிடந்தது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். அத்தனை வருஷம் தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர், தங்கம் இப்படிக் கட்டியாகக் கிடக்கும் என்பதை நம்பவில்லை. அவருக்குத் தங்கம் என்றால் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது.

"எத்தனை ஆழத்தில்?" என்று கேட்டார்.

"ஒரு சாண்."

விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "ஒரு சாணாம்டி, கேட்டியா" என்று மறுபடி சிரித்தார். அடுத்த முறை தன்னையும் கூட்டிப் போகச் சொன்னார். கூட்டிப் போனேன். நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்து, நான் தோண்டும் விதத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மீண்டும் பெர்த்திலிருந்து:

அப்பாவை ஒருநாள் அறிமுகம் செய்துவையுங்கள் சார்.

தனியாகக் கேள்வி கேட்டிருந்தவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் போகலாமா என்றால், வேண்டாம், வெயில் 45 டிகிரியைத் தொடும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பாருங்கள். முகத்துக்கு ஈ வலை கட்டாயம், இல்லாவிட்டால் பேச வாய் திறக்க முடியாது. டிடெக்டர் புதிதாக வாங்கினால் பல ஆயிரம் டாலர் ஆகும். முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், அல்லது பழையதை வாங்குங்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம். ஆபத்தில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் பிஎல்பி கருவியை இடுப்பிலேயே மாட்டிக்கொள்ளுங்கள், வண்டியில் வைத்துவிட்டுப் போனால் பயனில்லை. வாங்கியதும் உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.