விடைத்தாள் நகலுக்கான ஆர்டிஐ: அழிக்கும் கெடுவுக்குள் என்ன செய்யலாம்?

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின்கீழ் மனுதாரரின் சொந்த விடைத்தாள் நகல் கேட்கப்பட்டது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு. ஒப்புகை அட்டை கையில் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலரின் பதில்: 8(1) பிரிவின் ‘நம்பிக்கை உறவு’ விலக்கின்படி (ஒருவர் நம்பி ஒப்படைத்த தகவலை வெளியிட வேண்டியதில்லை என்பது) தர இயலாது.

அது நிற்காது. சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கிலேயே (2011) தேர்வர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தியவரின் பெயர், கையொப்பத்தை மறைத்துத் தரலாம், அவ்வளவுதான். (‘ஏன் மதிப்பெண் குறைந்தது’ என்று மனுவில் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று எளிதாகத் தள்ளிவிடுவார்கள்.)

சிக்கல் காலம். அதே தீர்ப்பின்படி, விதிப்படி விடைத்தாளைப் பாதுகாக்கும் காலம் வரைதான் இந்த உரிமை. முதல் மேல்முறையீட்டை 30 நாளில் போட்டாலும், முடிவுக்கு 45 நாள் வரை போகலாம். அதன்பின் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு மாநிலத் தகவல் ஆணையம் என்றால் எவ்வளவு காலம் ஆகுமோ. அதற்குள் விடைத்தாளை அழித்துவிட்டால்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

மேல்முறையீடு முடியும்வரை தாளை அழிக்கக் கூடாது என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் தனிக் கடிதம் போதுமா? மேல்முறையீட்டு மனுவிலேயே இடைக்கால உத்தரவு கேட்டு யாராவது வாங்கியிருக்கிறீர்களா? வாசகம் இருந்தால் பகிருங்கள், பெயர், பதிவெண்ணை மறைத்துவிட்டு.