பழைய இங்கிலாந்துப் பண்ணைவீடு: பரணில் படிந்த கரியைப் பாருங்கள்

கென்ட், சசெக்ஸ் பக்கம் 15-ம் நூற்றாண்டுப் பண்ணைவீட்டைப் பார்க்கப் போனால் பரணில் ஏறிவிடுங்கள். கைமரங்களில் புகைக்கரி அப்பியிருந்தால், வீடு கட்டும்போது புகைபோக்கி கிடையாது என்று அர்த்தம். நடுக்கூடம் தரையிலிருந்து கூரைவரை திறந்தே இருந்தது. தரை நடுவில் நெருப்பு. புகை மேலேறி, கூரை இடுக்குகளில் கசிந்து போகும். செங்கல் புகைபோக்கியும் கூடத்துக்கு மேல் மாடியும் பெரும்பாலும் 16, 17-ம் நூற்றாண்டுகளில் வந்தவை. தயவுசெய்து அந்தக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள். வீட்டின் முதல் உருவத்துக்கு அதுதான் சாட்சி.

இந்த வகையை முழுசாகப் பார்க்க, சசெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்து அருங்காட்சியகத்தில் 'பேலீஃப்' வீடு இருக்கிறது. கென்ட்டின் சிடிங்ஸ்டன் அருகே நீர்த்தேக்கம் வந்ததால் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியது. இரு ஓரத்து மாடிகளும் முன்னே துருத்தி நிற்க, கூடம் உள்வாங்கியிருக்கும். கூரையோ ஒன்றே. அதனால் கூடத்துக்கு முன்னால் அந்தரத்தில் ஓடும் உத்தரத்தை வளைந்த ஓக் முட்டுகள் தாங்குகின்றன. கூடத்து ஜன்னலில் கண்ணாடி இல்லை. நேர்க்கட்டைகளும் பலகைக் கதவும்தான்.

—

அந்த வீட்டைப் பிரித்து மறுபடி மாட்ட முடிந்ததற்குக் காரணம், மரமுளை அடித்துச் சேர்க்கும் இணைப்பு; முளையைத் தட்டி எடுத்தால் கட்டைகள் பிரியும். ஒரு கட்டையின் முனையில் செதுக்கிய நாக்கு (கழுந்து) இன்னொரு கட்டையின் துளைக்குள் நுழையும். கழுந்தில் முளைக்காகப் போடும் ஓட்டையை, துளைக்கட்டையின் முளை ஓட்டைக்கு நேராகப் போடாமல் ஏறக்குறைய ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளிப் போடுவார்கள். ஓக் முளையை அடித்ததும் கழுந்து உள்ளே இழுபட்டு இறுகும். பச்சை மரம் காய்ந்து சுருங்கினாலும் பிடி விடாது. இணைப்புகளில் உளியால் வெட்டிய ரோம எண்களையும் தேடுங்கள். வரிசை ஓரிடத்தில் தவறினால், அந்தக் கட்டை பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

—

சுவரைப் பற்றி: சட்டங்களுக்கு நடுவே ஓக் குச்சி நட்டு, ஹேசல் என்ற மரத்தின் வளையும் மிலாறு பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பியது. இதன்மேல் சிமென்ட் பூசுவதுதான் பெரிய கேடு. மரம் அசையும், சிமென்ட் அசையாது. முடிபோல விரிசல் விழும். உள்ளே போன மழைநீர் வெளியே வர வழியில்லாமல், தரையை ஒட்டிய அடிக்கட்டை உளுத்துவிடும். கம்பூசியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அது போய்விட்டது.

சிமென்ட்டைக் கையுளியால் மெல்லப் பெயர்த்து, உளுத்த பகுதியை மட்டும் வெட்டி ஓக் துண்டு ஒட்டுப்போடுங்கள். பிறகு முடி கலந்த சுண்ணாம்புச் சாந்து; ஒரே தடிப்பாக வேண்டாம், மெல்லிய பூச்சுகளாக, பழைய பரப்பை நனைத்தபின். உறைபனிக் காலத்தில் பூசினால் உதிர்ந்துவிடும். வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், உளியைத் தொடுமுன் உள்ளாட்சியிடம் அனுமதி தேவையா என்று கேளுங்கள். தேவையான அனுமதியின்றிக் கைவைப்பது அங்கே குற்றம்.