மறந்துபோன விண்டோஸ் பாஸ்வேர்டு: ஸ்கிரீன் ரீடரோடு மாற்ற லோக்கல் கணக்கு வசதியா, மைக்ரோசாஃப்ட் கணக்கு வசதியா?

தென்றல்_எஸ்:
விண்டோஸ் 11 மடிக்கணினி, லோக்கல் கணக்கு, அதாவது அந்தக் கணினியில் மட்டும் உள்ள கணக்கு. பயன்படுத்துபவருக்குப் பார்வை முற்றிலும் இல்லை, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர்தான் எல்லாவற்றுக்கும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, லாகின் திரையில் என்விடிஏ பேசவில்லை. பார்வையுள்ளவர் துணையில்லாமல் மாற்ற முடியுமா? மாற்றியபின் லோக்கலிலேயே இருப்பதா, இணையம் வழி இயங்கும் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குப் போவதா?

புள்ளி_ஆறு:
முடியும். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், விண்டோஸோடு வரும் ஸ்கிரீன் ரீடரான நரேட்டர் பேசும். என்விடிஏ அங்கே பேசாததற்குக் காரணம் இரண்டில் ஒன்று. அதன் பொது அமைப்புகளில் உள்ள 'சைன்-இன் நேரத்தில் என்விடிஏ பயன்படுத்து' என்ற தேர்வு அணைந்திருக்கும். இல்லையென்றால் அது கணினியில் நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் பிரதியாக இருக்கும். போர்ட்டபிள் பிரதி லாகின் திரைக்குள் நுழையவே முடியாது, கணினியில் நிறுவிய பிரதிதான் வேண்டும்.

மாற்றுவதற்கு முன்னால் பாஸ்வேர்டு உண்மையிலேயே மறந்துவிட்டதா என்று பாருங்கள். நரேட்டருக்கு கேப்ஸ் லாக் ஒரு கட்டளை விசை. என்விடிஏவையும் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஸ்கிரீன் ரீடர் ஓடும்போது இருமுறை வேகமாகத் தட்டினால்தான் கேப்ஸ் மாறும். ஓடாதபோது ஒரே தட்டில் மாறிவிடும். பேச்சு வருவதற்கு முன் தெரியாமல் ஒரு தட்டு தட்டியிருந்தால் சரியான பாஸ்வேர்டே தவறு என்று திரும்பி வரும். விசைப்பலகை மொழியும் அப்படித்தான். தமிழ் அமைப்பில் நின்றாலும் ஆங்கிலத்தில் நின்றாலும் பாஸ்வேர்டு பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒலிதான் கேட்கும், வித்தியாசம் காதுக்குத் தெரியாது. டேப் தட்டிக்கொண்டே போனால் மொழிப் பொத்தான் வரும், எந்த மொழி என்று அதில் படிக்கும். மாற்ற விண்டோஸும் ஸ்பேஸும்.

அதற்காக விடாமல் அடித்துப் பார்க்காதீர்கள். அண்மைய விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிய கணினிகளில் 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

அப்படியும் திறக்கவில்லை என்றால், தவறான பாஸ்வேர்டு என்ற செய்தி வந்ததும் என்டர் அடியுங்கள். அதன்பின் டேப்பில் போனால் 'ரீசெட் பாஸ்வேர்டு' என்ற இணைப்பு கேட்கும். கணக்கு தொடங்கியபோது கொடுத்த 3 பாதுகாப்புக் கேள்விகள் அதில் வரும்.

என் கருத்து, லோக்கலிலேயே இருங்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக கண்ட்ரோல் பேனலில் பயனர் கணக்குகள் பக்கம் போய், பாஸ்வேர்டு மறந்தால் மாற்ற உதவும் ரீசெட் டிஸ்க் செய்துகொள்ளுங்கள். ஒரு பென் டிரைவ் போதும், அதில் எழுதப்படுவது ஒரே ஒரு சிறிய கோப்பு. பிறகு எத்தனை முறை பாஸ்வேர்டு மாற்றினாலும் அது செல்லும். புதிதாக இன்னொன்று செய்தால் மட்டும் பழையது செல்லாது. இணையம், ஓடிபி, கேப்சா எதுவும் தேவையில்லை.

கரைமேகம்:
கேப்ஸ் லாக் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பென் டிரைவ் எங்கே இருக்கிறது என்பதையும் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதை எடுத்தவர் எவரும் கணினிக்குள் நுழையலாம், கோப்புக்குத் தனிப் பூட்டு கிடையாது. விடுதியிலோ வாடகை அறையிலோ பிறரோடு தங்கிப் படிக்கும் ஒரு பார்வையற்ற மாணவருக்கு இது சின்ன விஷயமல்ல.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் முழு வேலையும் கைப்பேசியில் டாக்பேக் என்ற ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் ரீடரை வைத்தே முடியும். ஓடிபியை மட்டும் எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேளுங்கள். முழு எண்ணாகக் கேட்டால் 'நான்கு லட்சத்து…' என்று போகும், நடுவில் வரும் பூஜ்யம் காதில் நழுவிவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: கைப்பேசியில் பாஸ்வேர்டை மாற்றியபிறகும் கணினி பழையதைத்தான் ஏற்கும், அது இணையத்தோடு சேரும் வரை. லாகின் திரையிலேயே டேப்பில் போய் நெட்வொர்க் பொத்தானை அழுத்தி வைஃபையை இணைத்துவிட்டு, பிறகு புதியதை அடிக்க வேண்டும்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக வைக்கும் பின் எண்ணைப் பலமுறை தவறாக அடித்தால் ஏ1பி2சி3 என்று அடிக்கச் சொல்லி ஒரு வரி வரும். யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். விசைகள் தாமாக அழுந்தவில்லை, ஒரு மனிதர்தான் அடிக்கிறார் என்று உறுதி செய்வதற்கு அது. அப்படியே அடித்தால் மறுபடி பின் கேட்கும்.

புள்ளி_ஆறு:
பென் டிரைவ் பிறர் கையில் போகும் ஆபத்தை மறுக்கவில்லை. பூட்டிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஆனால் உங்கள் வழி முழுக்க ஒரு சிம் கார்டில் தொங்குகிறது. எண் தொலைந்து, மாற்று மின்னஞ்சலும் இல்லாமல் பாதுகாப்பு விவரங்களை மொத்தமாக மாற்றினால் 30 நாள் காத்திருப்பு. தேர்வு நேரத்தில் 30 நாளை யார் தருவார்கள்?

கரைமேகம்:
அதனால்தான் மாற்று மின்னஞ்சலை இன்றே சேர்த்து வைக்கச் சொல்கிறேன். 2 வழிகள் பதிந்திருந்தால் அந்த 30 நாள் வரவே வராது.

வேம்படி:
இவ்வளவு எதற்கு? விண்டோஸின் பழுதுநீக்கும் பகுதியான ரெக்கவரிக்குள் போய் யூட்டில்மேன் கோப்புக்குப் பதிலாக கமாண்ட் பிராம்ப்டை வைத்தால் 5 நிமிடத்தில் முடியும்.

புள்ளி_ஆறு:
வேம்படி, இதை இங்கே யாருக்கும் சொல்லாதீர்கள். லாகின் திரையில் அணுகல் வசதிப் பட்டியலைத் திறப்பதே அந்த யூட்டில்மேன்தான். பார்வையற்றவர் கணினியில் அதைப் பிடுங்கிவிட்டு பாஸ்வேர்டு மாற்றித் தருவது உதவியே அல்ல. மேலும் வெளியிலிருந்து பலவந்தமாக மாற்றினால் விண்டோஸ் மறைகுறியாக்கிய தனிக் கோப்புகளும், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் திறக்காமல் போகலாம். ரீசெட் டிஸ்க் வழியே மாற்றினால் அவை அப்படியே இருக்கும்.

கரைமேகம்:
இதில் நானும் புள்ளி_ஆறு பக்கம்தான். ரெக்கவரியை நோண்டினால், வட்டை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் தன் மீட்புச் சாவியைக் கேட்கும். விண்டோஸ் ஏறுமுன் வரும் அந்த நீலத் திரையில் நரேட்டர் கிடையாது. ரெக்கவரிக்குள் போய்விட்டால் நரேட்டர் உண்டு, ஆனால் பல மடிக்கணினிகளில் ஒலி டிரைவர் அங்கே ஏறாது. யூஎஸ்பி ஹெட்செட் செருகினால் பேச வாய்ப்பு அதிகம்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கிய கணினி என்றால் அந்தச் சாவி பெரும்பாலும் கணக்கிலேயே இருக்கும். லோக்கல் கணக்கில் பிட்லாக்கரை நீங்களே போட்டிருந்தால் எங்கே வைத்தீர்கள் என்பது உங்கள் பொறுப்பு. என் வாதத்துக்கு இதுவே பெரிய காரணம்.

புள்ளி_ஆறு:
இதை ஒப்புக்கொள்கிறேன். லோக்கலில் இருப்பவர்கள் சாவியை பிரெயிலில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 48 இலக்கம், 6 இலக்கமாக 8 தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே குத்தி முடித்ததும் விரலால் படித்தே சரிபார்க்கலாம். இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு 123453 என்றால் 1, 3, 5 கூட்டினால் 9. 2, 4, 3 கூட்டினாலும் 9. இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாகவோ, வித்தியாசம் 11 அல்லது 22 ஆகவோ இருக்க வேண்டும். ஒரு புள்ளி தவறி ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு உதைக்கும்.

தென்றல்_எஸ்:
தமிழ் விசைப்பலகைதான் காரணம். விண்டோஸும் ஸ்பேஸும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றியதும் பழைய பாஸ்வேர்டே திறந்துவிட்டது. மாற்று மின்னஞ்சல், ரீசெட் டிஸ்க் இரண்டும் இன்றே செய்யச் சொல்லிவிடுகிறேன்.