புதுப்பிப்பு: குலை லாரியா, தூர ஓட்டமா?

போன மாதம் கேட்டிருந்தேன்: ஜிடிஎல் (மலேசியாவில் சரக்கு லாரி ஓட்டும் லைசென்ஸ்) கைக்கு வந்தாச்சு, ஜோகூரில் எங்கள் ஊர் குளுவாங்கிலேயே செம்பனை (எண்ணெய்ப்பனை) பழக்குலை ஏற்றுவதா, பாசீர் கூடாங் துறைமுகத்திலிருந்து வடக்கே சரக்கு ஓட்டுவதா என்று. பலரும் தூர ஓட்டத்தில்தான் காசு என்றீர்கள். நான் குலை லாரியில் ஏறிவிட்டேன்.

உள்ளூர் என்றால் சுகம் என்று நினைத்தது தப்பு. வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆனால் எடைமேடை வரிசை யாருக்கும் இரங்காது. நேற்று மூன்று மணி நேரம், என்ஜினை அணைத்துவிட்டு வியர்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மழையில் செம்மண் பாதை தனிக்கதை. பின்சக்கரம் சுழலச் சுழல, காய்ந்த மட்டையை அடியில் திணித்துத்தான் லாரியை வெளியே எடுத்தேன்.

சம்பளம் டிரிப் கணக்குதான், குறைவுதான். ஆனால் குறுகிய பாதையில் ரிவர்ஸ் எடுத்து கை பழகுகிறது, ராத்திரி சோறு அம்மா கையால். தூர ஓட்டத்தை அடுத்த வருடம் பார்க்கலாம்.