கிளட்ச் மாற்றுவதற்காகக் கழற்றும் கியர்பாக்ஸ் எஞ்சினை விட்டுப் பிரியவில்லை

கேள்வி:
வணக்கம். முன்சக்கர இயக்கம் கொண்ட எனது காரில், மேடு ஏறும்போது எஞ்சின் வேகம் கூடினாலும் வண்டியின் வேகம் கூடாத அளவுக்குக் கிளட்ச் தேய்ந்துவிட்டதால், அதை நானே மாற்றத் தொடங்கியிருக்கிறேன். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கியர் ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றினேன். எஞ்சினுக்கு மேலிருந்து தாங்கல் கொடுத்த பிறகே கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டை அவிழ்த்தேன். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி, எஞ்சினுடன் இணையும் கியர்பாக்ஸ் உறை) போல்ட்டுகள் அனைத்தையும் எடுத்துவிட்டதாகவே நினைக்கிறேன். ஆயினும், கீழ்ப்பக்கம் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருக்க, மேல்பக்கம் அசையவே இல்லை. அந்த இடைவெளியில் கம்பியை விட்டு நெம்பலாமா?

முதல் பதில்:
தயவுசெய்து நெம்ப வேண்டாம். பெல் ஹவுசிங் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. நெம்பினால் பொருந்துமுகத்தில் பள்ளம் விழும், அல்லது ஓரம் உடையும். நீங்கள் சொல்லும் இடைவெளியே காரணத்தைக் காட்டுகிறது. கியர்பாக்ஸ் தன் எடையால் தொங்கினால் மேல்பக்கம்தான் திறக்க வேண்டும். கீழ்ப்பக்கம் திறந்திருக்கிறது என்றால், ஜாக்கி அதன் வெளிமுனையை அளவுக்கு மீறித் தூக்கியிருக்க வேண்டும், அல்லது மேலே ஒரு போல்ட் இன்னும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சில போல்ட்டுகள் கியர்பாக்ஸ் பக்கமிருந்தும், சில எஞ்சின் பக்கமிருந்தும் நுழையும் என்பதால், விளிம்பு முழுவதையும் விரலால் தடவியும் சிறு கண்ணாடியை வைத்தும் பாருங்கள்.

போல்ட் எதுவும் இல்லையென்றால், இரு பாகங்களையும் நேராகப் பொருத்தி நிறுத்தும் டவெல் பின்கள் துருப்பிடித்திருக்கும். சாய்ந்த நிலையில் இழுத்தால் அவை மேலும் இறுகும். ஆகவே, முதலில் இடைவெளியை மூடி இரு முகங்களையும் இணையாகக் கொண்டுவந்து, பின்களைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, ரப்பர் சுத்தியலால் மாறிமாறித் தட்டுங்கள்.

இரண்டாம் பதில்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். டவெல் பின்கள் விட்ட பிறகும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) கிளட்ச் தட்டின் நடுத்துளையிலுள்ள ஸ்ப்ளைன் பற்களுக்குள்ளேயே இருக்கும். அது முழுவதும் வெளிவரும் வரை ஜாக்கியைச் சிறிதும் இறக்கக் கூடாது. ஒருமுறை, கியர் பெட்டி பிரிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அவசரப்பட்டு ஜாக்கியை இறக்கி, முழு எடையையும் அந்த ஷாஃப்டின் மேல் தொங்கவிட்டேன். பழைய தட்டின் நடுப்பகுதி வளைந்ததோடு போயிற்று. பூட்டும்போது அப்படி நேர்ந்திருந்தால் புதிய தட்டே வீணாகியிருக்கும். வண்டி ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்லாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வயரிங் பிடிப்பானுக்குப் பின்னால், எஞ்சின் பக்கமிருந்து நுழைந்த ஒரு போல்ட் மறைந்திருந்தது. அதை எடுத்து, ஜாக்கியைச் சற்று இறக்கி முகங்களை இணையாக்கியதும் பெட்டி நேராக வெளிவந்துவிட்டது. ஃபிளைவீலில் (எஞ்சினோடு சுழலும், கிளட்ச் தட்டு அழுந்தும் கனத்த சக்கரத்தில்) நீலநிறத் திட்டுகளும், அதன் பின்புறம் எண்ணெய்க் கசிவும் தெரிகின்றன.

முதல் பதிலளித்தவர்:
நீலத் திட்டுகள் அதிக வெப்பத்தின் அடையாளம். வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ஃபிளைவீலை மாற்றுங்கள். எஞ்சின் ஆயில் கசிந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும், கிளட்சுடன் ரிலீஸ் பேரிங்கையும் (மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) இப்போதே மாற்றிவிடுங்கள். இவற்றுக்காக இன்னொரு முறை பெட்டியை இறக்குவது பெரும் உழைப்பு.

பூட்டும்போது, மையப்படுத்தும் கருவியால் தட்டை நடுவில் நிறுத்திய பிறகே பிரஷர் பிளேட் (தட்டை ஃபிளைவீலோடு அழுத்தும் பாகம்) போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிதுசிறிதாக முடுக்குங்கள். பெட்டி கையாலேயே முழுவதும் உள்ளே சென்று, முகங்கள் ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால், கியரில் போட்டு டிரைவ் ஷாஃப்ட் பக்கத்தைச் சற்றுத் திருப்பிப் பற்களைப் பொருத்துங்கள். போல்ட்டை முடுக்கி இழுத்தால் ஹவுசிங்கே பிளந்துவிடும்.